பாண் பையும் மாமாவின் வட்டையும்

தையற்காரனிடம் வருகிறவர்கள் எல்லாரும் துணியோடுதான் வருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முக்கால்வாசிப் பேர் சந்தேகத்தோடுதான் வருவார்கள். துணியென்றால் அளந்து வெட்டித் தைத்துக் கொடுத்துவிடலாம். சந்தேகத்தை என்ன செய்வது?

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைச் சந்தையடியில் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. கடையென்று சொல்வது மரியாதைக்காக. காலால் மிதிக்கிற மெசின் ஒன்று, ஒரு வெட்டு மேசை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று, நான். அவ்வளவுதான். இடுப்பில் உடுக்கும் சாரன் மூட்டுவேன், பள்ளிக்கூடக் காற்சட்டை தைப்பேன், பெருநாள் வந்தால் சட்டை தைத்துக் கண் பூத்துப் போவேன். பிறந்தது மருதமுனை, கலியாணம் முடித்தது சாய்ந்தமருது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். ஆகவே நானும் ஒரு பெட்டியோடும் மெசினோடும் மாமா வீட்டுக்குப் போனவன்தான்.

மாமா ஒரு போடியார், பெரிய வயல்காரர். சவளக்கடைப் பக்கத்து வட்டையில் அவருக்கு வயல் இருந்தது. வட்டை என்றால் ஊருக்கு வெளியே கண்ணுக்கெட்டும் வரை கிடக்கும் வயல்வெளி. அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே தொழில்தான்: வயல் செய்வது ஒன்று, வயல் செய்யாமல் சும்மா இருப்பது மற்றது. தையல் இரண்டாவதில் அடங்கும். ஆண்பிள்ளை இல்லாத மனிதர். அதனால் மருமகனையாவது வயலுக்கு இறக்கிவிடலாம் என்று நெடுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானோ அட்டையைக் கண்டால் மரத்தில் ஏறுகிறவன். சேற்றில் கால் வைத்தால் அன்று பின்னேரமே காய்ச்சல்.

சாப்பாடு கட்டும் துணிப் பை தைத்து விற்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று, மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். அவர் என்னை ஒருநாளும் "நீ" என்று சொன்னதில்லை. ஏசுவதாக இருந்தாலும் "நீங்க" போட்டுத்தான் ஏசுவார். "மருமகன், வாற மாரி விதைப்பு வரைக்கும் பாருங்க. உங்கட பை விக்கிதெண்டா கடையில இரிங்க. விக்காட்டிக் கடையப் பூட்டிப்போட்டு என்னோட வட்டைக்கு வாங்க."

மாமனார் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு சொந்தத் தொழில் நடத்திய சகோதரர்களே, மிச்சத்தை உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இந்த வேதனை விளங்காது.

செய்தியோடு வந்த பாண்

பை தைக்கும் எண்ணம் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் பாணோ, பன் மாதிரிச் சின்னப் பணிசோ, வடையோ, எதைக் கட்டினாலும் பழைய பத்திரிகைத் தாளில்தான் கட்டுவார்கள். வாழையிலை வெட்டப் பின்வளவுக்குப் போக எல்லாருக்கும் பஞ்சி. என் மனைவி ஹலீமாவும் விடிய எழும்பி, இரண்டு பாண் துண்டுக்கு நடுவில் முட்டைப் பொரியலோ சீனிச் சம்பலோ வைத்துத் தாளில் சுற்றித் தருவாள். மத்தியானம் பிரித்துப் பார்த்தால் தாளில் இருந்த எழுத்தெல்லாம் பாணுக்கு இடம்மாறியிருக்கும்.

ஒருநாள் நான் சாப்பாட்டைப் பிரித்த நேரம், பக்கத்துப் புடவைக்கடை அலியார் காக்கா உள்ளே வந்தார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். பத்திரிகை வாங்காமல் பத்திரிகை வாசிப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. என் பாணின் மேல்துண்டைப் பக்குவமாகத் தூக்கினார். எழுத்து இடம்வலம் மாறி இருப்பதைக் கண்டதும், அதைக் கொண்டுபோய் என் கடைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்து, உதடு அசைய வாசிக்கத் தொடங்கிவிட்டார். எனக்கோ பசி. எஞ்சிய துண்டையாவது தின்போம் என்று வாய்க்குக் கொண்டுபோனேன். அதை அவர் கண்ணாடியிலேயே கண்டுவிட்டார். திரும்பாமலே சொன்னார்:

"தம்பி, பொறுங்க, அதத் திண்டுராதீங்க! இந்தக் கதையிர மிச்சம் அதிலதான் இரிக்கும்."

கண்ணில் ஒற்றிய பை

அன்று பின்னேரமே முதல் பையைத் தைத்தேன். வெளிப்பக்கம் சாரன் மூட்டும்போது மிஞ்சுகிற கைத்தறித் துண்டு. உள்பக்கம் பாணில் சாயம் பிடிக்காதபடி வெள்ளைத் துணி. மேலே மடித்துப் பொத்தான் போட ஒரு மூடி. கழுவிக் காயவைத்தால் மறுநாளும் பாவிக்கலாம். நல்ல பச்சைத் துண்டுகளாகத் தேர்ந்தெடுத்துக் கொஞ்சம் தைத்து, கடை வாசலில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். வரிசையாக ஆடிக்கொண்டிருந்த அவற்றைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

சனம் நின்று பார்த்தது. பார்த்த எல்லாரும் மரியாதையாகப் பார்த்தார்கள். அது ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிறகு வந்த ஒரு தாத்தா, அதாவது அக்கா முறையில் ஒரு பெண், வயது நாற்பதுக்குள் இருக்கும், ஒரு பையைக் கையில் எடுத்து முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றினார். அப்போதுதான் எனக்கு வெளித்தது. எங்கள் வீடுகளில் குர்ஆனுக்கு உறை தைத்துப் போடுவோம் அல்லவா? பச்சைத் துணி, மடித்த மூடி, ஒற்றைப் பொத்தான். நான் தைத்து வைத்திருந்ததும் அச்சொட்டாக அதேதான்.

"கொஞ்சம் சின்னனாக் கிடக்குத் தம்பி, எங்கட வீட்டுக் குர்ஆன் இதுக்குள்ள போகாதே" என்றார் தாத்தா. நான் வாயை மூடிக்கொண்டு அவருடைய அளவில் ஒரு உறை தைத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் வியாபாரத்தில் உண்மை பேச வேண்டும் என்று எங்கள் வாப்பா சொல்லி வளர்த்திருந்தார். "இது குர்ஆன் உறை இல்ல தாத்தா, பணிஸ் வைக்கிற பை" என்று சொல்லிவிட்டேன். அவர் பையைக் கம்பியில் திரும்ப மாட்டினார். இரண்டு அடி பின்னுக்குப் போய் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அஸ்தஃபிருல்லாஹ்! ஓதுறத்துக்கும் தின்னுறத்துக்கும் ஒரே உடுப்பத் தைச்சு வெச்சிரிக்கிறீங்களே, உங்கள ஓதப் போடயே இல்லையா?"

மீராசா காக்காவின் அறைகள்

பச்சையை விட்டுவிட்டு, கோடு போட்ட சாரன் துண்டுக்கு மாறினேன். மெல்ல மெல்ல விற்றது. கரைவலைக்காரர் மீராசா காக்கா ஒரு பை வாங்கினார். கடற்கரைக்குப் போகும்போது ரொட்டி கொண்டுபோகத் தோதான பை என்று நாலு பேரிடம் புகழ்ந்தும் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்தது. இப்படி நாலு பேர் இருந்தால் மாரிக்குள் நான் தப்பிவிடுவேன் என்று அன்று மாமாவுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

பிறகு மீராசா காக்கா அந்தப் பையோடு திரும்பி வந்தார். பீடி நனைகிறதாம், உள்ளே ஒரு சின்ன அறை வேண்டும் என்றார். தைத்தேன். அடுத்த முறை நெருப்புப் பெட்டிக்கு அறை. அதற்கடுத்து வெற்றிலைக்கு. வெற்றிலை வந்தால் பாக்கு வெட்டிக்கு இடம் வேண்டாமா? சுண்ணாம்பு டப்பிக்கு? வலை பொத்தும் ஊசிக்கு? ஒவ்வொன்றாக வைத்துத் தைத்துக்கொண்டே வந்தேன். பை கனத்துப் போய், கையில் எடுத்தால் குழந்தைப்பிள்ளைபோல் இருந்தது. கடைசியில் எனக்கே பொறுக்கவில்லை. "காக்கா, இனி ரொட்டிய எங்க வைக்கிறது?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரொட்டிய நான் கையில கொண்டுபோவன். நீங்க பைய ஒழுங்காத் தைங்க!"

நடுவில் ஒரு தடுப்பு

நபிபெருமானார் பிறந்த மாதம் வந்தது. பள்ளிவாசலில் முதல் பன்னிரண்டு நாளும் அவர் புகழ் சொல்லும் மௌலூது ஓதி முடிய, நார்சா என்று தின்பண்டப் பங்கு கொடுப்பார்கள். ஒருநாள் வாழைப்பழமும் பணிசும், ஒருநாள் ரொட்டியும் சீனியும், வசதியான வீட்டுப் பங்கு வரும் நாளில் இறைச்சி ரொட்டி. கடதாசியில் வாங்கினால் வீடு போய்ச் சேருமுன் எண்ணெய் ஊறிக் கிழிந்துவிடும். என் பை அதற்கென்றே பிறந்தது மாதிரி. இந்த மாதத்தில்தான் என் வியாபாரம் எழும்பி நின்றது.

அதை எழுப்பி நிறுத்தியது நான் அல்ல, சீனித்தம்பி என்ற ஒரு மனிதர். "நடுவால ஒரு தடுப்பு வெச்சு, ரெண்டு பக்கமும் வாய் வெச்சுத் தைங்க" என்றார். எதற்கென்று கேளாமல் தைத்துக் கொடுத்தேன். பள்ளியில் ஒருவருக்கு ஒரு பங்குதான் முறை. பை வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஓதி முடித்த லெப்பை பங்கைப் போடுவார். சீனித்தம்பி ஒரு வாயைத் திறந்து காட்டிப் பங்கை வாங்கினார். பள்ளியைச் சுற்றிக்கொண்டு வந்து, மறு வாயைத் திறந்து காட்டினார். லெப்பை உள்ளே எட்டிப் பார்த்தார். வெறும் பை. போட்டார். மறுநாள் என் கடை வாசலில் தடுப்புப் பைக்குச் சனம் முட்டி மோதியது. சாப்பிடக்கூட நேரமில்லாமல் தைத்தேன்.

மாதம் முடியுமுன் பள்ளி நிர்வாகத்து மரைக்கார் ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். தலையில் தொப்பி, கையில் குடை, முகத்தில் சிரிப்பில்லை. விஷயம் வெளித்துவிட்டது, இனி ஊர் விசாரணைதான் என்று மெசினை நிறுத்திவிட்டு எழும்பி நின்றேன். மரைக்கார் வெளியே இரண்டு பக்கமும் பார்த்தார். உள்ளே வந்தார். மேசையில் கையை ஊன்றிக் குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, எனக்கும் ஒண்டு தைங்க. மரைக்கார்மாருக்கு ரெண்டு தடுப்பு வைக்கிறதுதான் மரியாத."

பைக்குப் பை

இனி வட்டை என்ற கதைக்கே இடமில்லை என்றுதான் நினைத்தேன். மாமாகூட ஒருநாள் சாப்பிட்டு எழும்பும்போது, "பை போகுது போல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. ஆனால் நம்முடைய சந்தோஷம் எப்போதுமே அடுத்த லொறி வரும் வரைக்கும்தானே? கொழும்பு லொறியில் பொலித்தீனில் செய்த சொப்பிங் பேக் வந்து இறங்கியது. அதுவும் சும்மா கொடுக்கிற பை. சாமான் வாங்கினால் கடைக்காரரே போட்டுக் கொடுப்பார். அலியார் காக்கா ஒரு முழத் துணிக்கும் ஒன்று கொடுத்தார். சும்மா வருகிற சாமானோடு தையற்காரன் எப்படிப் போட்டி போடுவது?

சனத்துக்கு அதில் வந்த ஆசையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கழுவிக் கொடியில் காயப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குச் செருப்பை அதற்குள் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு பின்னேரம் வீட்டுக்குப் போனால், எங்கள் குசினி ஆணியிலும் ஒரு சொப்பிங் பேக் தொங்கியது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் விட்டாலும் கட்டினவள் விடலாமா? எடுத்துக் கிழிக்கப் போனேன். உள்ளே ஏதோ மெத்தென்று இருந்தது. திறந்து பார்த்தால் நான் தைத்த பை, கழுவி மடித்து வைத்தபடி. ஹலீமா அடுப்படியில் இருந்து சொன்னாள்:

"அத வெளிய எடுக்காதீங்க, அழுக்காகிரும். உங்கட பை ஊத்தையாகக் கூடாதெண்டுதானே அந்தப் பைக்குள்ள போட்டு வெச்சிரிக்கன்."

யார் மௌத்து?

சொப்பிங் பேக்கைக்கூடச் சமாளித்திருப்பேன். எறும்பு அதைக் கடித்துக்கொண்டு போகும், பணிஸ் வியர்த்து நொளுநொளுத்துப் போகும். சனம் இரண்டு மாதத்தில் அலுத்துத் திரும்பி வரும் என்று பார்த்திருந்தேன். என்னை அடித்தது வேறு ஒன்று.

எங்கள் ஊரில் யாராவது மௌத்தாகிவிட்டால், இறந்த உடலைச் சுற்றுகிற கபன் துணி வாங்கப் புடவைக்கடைக்குத்தான் ஓடி வருவார்கள். அலியார் காக்கா வெள்ளைத் துணிக் கட்டை மேசையில் வைத்துக் கிழித்தால், தெருவில் போகிறவர்கள் "இன்னாலில்லாஹி" சொல்லிக்கொண்டு, யார் எவர் என்று விசாரிக்க நின்றுவிடுவார்கள். ஒருநாள் காலையில் அவர் ஒரு மையித்துக்குக் கபன் கிழித்துக் கொடுத்து முடிந்த கையோடு, எனக்கும் பை உள்துணிக்கு அதே துணிக் கட்டிலிருந்து கொஞ்சம் கிழித்துத் தந்தார். கமக்கட்டில் வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு நான் வெளியே வந்ததும், முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டு நாலைந்து பேர் பின்னால் வந்தார்கள். "ஆரு தம்பி மௌத்து? எப்ப அடக்கம்?" என்று கேட்டார்கள். "ஒருத்தரும் மௌத்தில்ல, இது பணிஸ் பைக்கு" என்றேன். உண்மை பேசிக் கெட்டது இது இரண்டாம் முறை.

பொழுதுபடுமுன் கதை பொத்துவில் வரைக்கும் போயிருக்கும். மையித்துக்கு வெட்டின மிச்சத் துணியில்தான் பை தைக்கிறானாம்! வெள்ளையை விட்டு நீலத் துணி வைத்துத் தைத்துப் பார்த்தேன். சாயம் போட்டு மறைத்திருக்கிறான் என்றார்கள். வாங்கினவர்கள் ஒவ்வொருவராகப் பையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தெரு டீச்சர் ஒருவர் மட்டும் நின்று காரணம் சொன்னார். படித்தவர், அதனால் என் மனம் நோகாமல் சொல்லப் பார்த்தார்:

"பையில ஒரு குறையுமில்லத் தம்பி. ஆனா இதுக்குள்ள வெச்ச பணிசத் திங்கக்குள்ள, எனக்கு ஆரோ மௌத்து வீட்டுக் கத்தம் ஓதுற மாதிரியே இரிக்கு."

கதவுக்குப் பின்னால்

மாமி என்னோடு நேருக்கு நேர் கதைக்க மாட்டார். மருமகனுக்கு முன்னால் வருவது மரியாதை இல்லை என்பது அவருடைய முறை. சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வதுபோல, எனக்குக் கேட்கும்படி சொல்லுவார். நல்ல மனுசி. என் தொழிலைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.

வானம் கறுத்து முதல் மழை விழுந்த அன்று, நான் கடையைப் பூட்டிவிட்டுத் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விற்காத பைகளை மெசினுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டு வந்தது மனதை அறுத்தது. எனக்கு அழுகை வந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. சாப்பாட்டுக்கு இருந்தபோது கதவுக்குப் பின்னால் மாமியின் குரல் கேட்டது:

"மகள், மருமகனுக்குப் பழஞ்சாரன் ரெண்டு எடுத்து வைங்க. வட்டைச் சேத்தில நல்ல சாரன் பழுதாகிரும்."

வக்கடை

டிரக்டர்ப் பெட்டியில் முல்லைக்காரர்களோடு நானும் ஏறினேன். முல்லைக்காரர் என்றால் போடியாரின் வயலில் நின்று வேலை செய்கிறவர்கள். மூத்த முல்லைக்காரர் இபுறாலெவ்வை எனக்கு இடம்விட்டு உட்கார வைத்து, "டெய்லர் மருமகன்" என்று மற்றவர்களுக்கு அறிமுகம் செய்தார். வயலில் முளைநெல் எறிந்து முடிந்திருந்தது. மாமா எனக்கு மிகவும் லேசான வேலையாகத்தான் கொடுத்தார். வரம்பில் தண்ணீர் போகிற வாயை வக்கடை என்பார்கள். மழை கூடினால் கிழக்குப் பக்கத்து வக்கடையைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். மழை கூடியது. மேகத்துக்குள் சூரியனைக் காணவில்லை. கிழக்கு எதுவென்று யாரிடம் கேட்பது? நான் ஒன்றைத் திறந்தேன். அது மேட்டு வயலில் இருந்து தண்ணீர் வருகிற பக்கம்.

வந்த தண்ணீரைக் கண்டு பயந்து வரம்பில் ஏறி நின்றேன். நான் நின்ற இடமும் சரிந்தது. சரிந்த இடத்தை அடைக்கக் குனிந்தபோது காலில் அட்டை. அட்டையைத் தட்டிவிடக் குதித்ததில் மிச்ச வரம்பும் போனது. மாமாவின் முளைநெல் எல்லாம் பக்கத்து வயலுக்குக் கலியாணத்துக்குப் போவது மாதிரிக் கூட்டமாக மிதந்து போனது. இபுறாலெவ்வையும் மற்றவர்களும் மண்வெட்டியோடு ஓடி வந்து அடைத்தார்கள். மாமா வந்து பார்த்தார். உடைந்த வரம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காலில் இருந்த அட்டையைப் பார்த்தார்.

"மருமகன், நீங்க போய் வாடியில இரிங்க. ஒண்டையும் தொட வேணாம்."

மத்தியானச் சாப்பாடு

வாடி என்பது வயலில் போட்ட ஓலைக் குடில். மத்தியானம் எல்லாரும் மழைக்கு ஒதுங்கி அங்கே வந்தார்கள். நான் ஒரு மூலையில் குந்தியிருந்தேன். கடையிலும் தோற்று வயலிலும் தோற்றவன் வேறு எங்கே குந்துவது? ஆளாளுக்குச் சாப்பாட்டுக் கட்டைப் பிரித்தார்கள். சிலருடைய சொப்பிங் பேக்குக்குள் எறும்பு புகுந்திருந்தது, தட்டிவிட்டுச் சாப்பிட்டார்கள். மாமா முகட்டில் கொழுவியிருந்த தன் சாப்பாட்டை எடுத்தார். அது நான் தைத்த பை. கோடு போட்ட சாரன் துண்டு, உள்ளே வெள்ளைத் துணி, சனம் திருப்பிக் கொண்டுவந்து எறிந்துவிட்டுப் போன பைகளில் ஒன்று. எப்போது எடுத்தார், எத்தனை நாளாகக் கொண்டுபோகிறார், எனக்குத் தெரியாது. பொத்தான் அறுந்துபோய், அந்த இடத்தைச் சாக்குத் தைக்கும் நூலால் அவரே கோணல்மாணலாக முடிந்து வைத்திருந்தார். தையற்காரன் வீட்டில் இருக்க, ஒரு பொத்தான் தைத்துத் தா என்று கேட்காத மனிதர்.

எல்லாருடைய கண்ணும் அந்த வெள்ளைத் துணியில். இபுறாலெவ்வைதான் துணிந்து கேட்டார்: "போடியார், இது... அந்த மையித்துத் துணிப் பையெல்லுவா?" மாமா ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் போட்டார். அவசரப்படாமல் மென்று விழுங்கினார்.

"ஓம். நாம எல்லாரும் ஒருநாளைக்கு அந்தத் துணிக்குள்ள போகத்தானே போறம். என்ட ரொட்டி கொஞ்சம் முந்திப் போயிரிக்கு."

விதைப்பு முடிவு

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு இபுறாலெவ்வை வாயில் இருந்த சோறு புரையேறும்வரை சிரித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, பையில் அவர் போட்டிருந்த கோணல் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்கு என் தொழில் பிடிக்காது என்றுதான் நான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். பிடித்திருந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஊரே தொடாத என் பையில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது டிரக்டர்ப் பெட்டியில் இபுறாலெவ்வை தனக்கு இரண்டு பை வேண்டும் என்றார். எறும்பு புகாதபடி வாயைச் சுருக்கித் தரச் சொன்னார். போடியாரே தின்கிறார், எங்களுக்கு என்ன என்று மற்றவர்களும் கேட்டார்கள். சைக்கிளில் முந்திப் போன யாரோ சொல்லி, மாமாவின் பேச்சு எங்களுக்கு முன்னமே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. டிரக்டர் கல்முனைச் சந்தியில் நின்றபோது அலியார் காக்கா ஓடி வந்து, "ரொட்டி முந்திப் போன கதை உண்மையா?" என்று கேட்டார். வீட்டுப் படலையடியில் இறங்கியதும், காலைக் கழுவிக்கொண்டு நின்ற மாமாவிடம், "நாளைக்கு எத்தனை மணிக்கு மாமா வெளிக்கிடுறது?" என்று கேட்டேன். கேட்க வேண்டியது என் கடமை அல்லவா? அவர் மற்றக் காலையும் கழுவி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நீங்க வர வேணாம் மருமகன், போய்க் கடையத் திறங்க. நீங்க இன்னும் ஒருநாள் வட்டையில நிண்டா, பக்கத்து வயல்காரன் என்ட நெல்ல அறுத்துப்போட்டு எனக்கே ஏழைப் பங்கெண்டு ஸக்காத்துத் தருவான்."

பை தைக்கத் தெரிந்ததால் அல்ல, வரம்பு கட்டத் தெரியாததால்தான் நான் கடைசிவரை தையற்காரனாக இருந்தேன்.